சமையல்காரர் அறுத்த துப்பாக்கி

லூரீன் பைட்லருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டால் கையில் இருக்கிற கரண்டியை வைத்துவிட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் நழுவிவிடுவார்கள். அன்றைக்கு அவளுடைய புருஷன் டுவைட்டும் நழுவத்தான் பார்த்தான். கார் கொட்டகையின் கதவை மறித்துக்கொண்டு அவள் நின்றதால் முடியவில்லை.

"இது யாரோட துப்பாக்கி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்ன கேள்வி இது? உங்கப்பாவோடதுதான்."

"எங்கப்பாவோடதுல மரக்கட்டை ரெண்டா அறுத்து ஒட்டியிருக்கும். இதுல அறுப்பு எங்க?"

"அதான் லூரீன், கேலன் சரி பண்ணிட்டான். நம்ம மேல உள்ள பிரியத்துல காசுகூட வாங்கல!"

சரி பண்ணிவிட்டானாம்! என்ன கெட்டுப் போயிருந்தது, இவன் சரி பண்ண? வீட்டு இன்சூரன்ஸில் அந்தத் துப்பாக்கியையும் சேர்க்க வேண்டும், என்ன மதிப்பு என்று பட்டறைக்காரன் கேலனிடம் கேட்டு வா என்றுதான் டுவைட்டை அனுப்பினாள். கேட்டு வா என்றால் கேட்டுவிட்டு வர வேண்டியதுதானே? அதை அவன் கையில் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய் வாங்கி வந்திருக்கிறான். அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்த அறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹிட்லருடைய போர் முடிந்து எங்கள் ஒஹாயோப் பையன்கள் ஊர் திரும்பியபோது பாதிப் பேர் ஜெர்மன்காரனுடைய துப்பாக்கி ஒன்றைக் கையோடு கொண்டு வந்தார்கள். பட்டாளம் கொடுத்த கித்தான் பையில் அது அடங்காது. அதனால் குழலைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்துக்கு அடியில், அறுத்தது வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, மரக்கட்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, துண்டு துண்டாகப் பையில் திணித்து வந்தார்கள். ஊருக்கு வந்து ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டு நிலவறையைத் துழாவினாலும் அப்படி ஒட்டுப் போட்ட துப்பாக்கி ஒன்று கிடைக்கும்.

லூரீனின் அப்பா எல்வுட் பட்டாளத்தில் சமையல்காரர். அவரிடம் தச்சு ரம்பம் ஏது? எலும்பு அறுக்கிற ரம்பத்தால் அறுத்தார். அது கோணலாகப் போய், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக நின்றது. ஊருக்கு வந்ததும் இரண்டு துண்டுக்கும் நடுவில் துளை போட்டு, பழைய மரக்கரண்டியின் காம்பை ஒடித்து அதையே ஆப்பாகச் செருகிப் பசை போட்டார். கடைசி வரைக்கும் அந்த மூட்டு லேசாக ஆடும். ஆடினால் என்ன? அவர் அதை வைத்து ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

அது அவர் கைக்கு வந்த கதையும் சண்டைக் கதை இல்லை. போர் முடியப்போகிற சமயம், மழையில் சோற்று வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு ஜெர்மன் சிப்பாய் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தானாம். துப்பாக்கியை லாரிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தன்னுடைய தகரக் குவளையை நீட்டினான். எல்வுட் கையில் கரண்டி இருந்தது. மாட்டுக்கறி ஸ்டூவை மொண்டு ஊற்றினார். அவன் இன்னொரு கரண்டி கேட்டான். அதையும் ஊற்றினார். தின்று முடித்த பிறகு அவனைக் கைதியாக அழைத்துப் போனார்கள். துப்பாக்கி சக்கரத்திலேயே சாய்ந்து கிடந்தது. அவ்வளவுதான் கதை. அவர் அதற்கு ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

யார் நம்பினார்கள்? போருக்குப் போய் வந்தவர்கள் கூடும் ஊர்ப் பட்டாளத்தார் மன்றத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் பொரித்துப் போடுவார்கள். அங்கேயும் அடுப்படி எல்வுட்டுக்குத்தான். அங்கே உட்கார்ந்து பீர் குடிக்கிறவர்கள் அவரை விடவே மாட்டார்கள். "என்னப்பா எல்வுட், அந்தத் துப்பாக்கியால எத்தனை உருளைக்கிழங்கைச் சுட்டே?" என்பான் ஒருத்தன். "அட போய்யா, அது ரெண்டு பாக்கெட் சிகரெட்டுக்கு வாங்கினது" என்பான் இன்னொருத்தன். எல்வுட் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே மீனைத் திருப்புவார். தட்டு கழுவிக்கொண்டிருந்த லூரீன் சிரிக்க மாட்டாள். ஏன் அப்பா சும்மா இருக்கீங்க என்று கேட்டால், "தின்னுட்டுதானே பேசறாங்க, பேசட்டும்" என்பார். அவர் செத்துப்போன பிறகு அவர் சொன்னதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் கோணல் அறுப்பு. சந்தையில் சிகரெட்டுக்கு வாங்கினவன் எலும்பு ரம்பத்தால் அறுக்க மாட்டான், சமையல்காரன்தான் அறுப்பான். அதைத்தான் கேலன் ரிடில் "சரி பண்ணி" அனுப்பியிருந்தான்.

அவள் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு கேலன் பட்டறைக்குப் போனாள். மான் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன் அவன். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு கீறலைப் பார்த்துவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"பாத்தியா லூரீன், எப்படி மின்னுதுன்னு?" என்றான் வாயெல்லாம் பல்லாக.

"பழைய கட்டை எங்க?"

"அதை விடு. அறுத்த கட்டைக்கு மதிப்பு பாதிக்குப் பாதி அடி வாங்கும் தெரியுமா? எங்கிட்ட ஒண்ணு அலுங்காமக் கிடந்துச்சு, அதே மாடல். மாட்டிவிட்டேன். உங்கப்பா நல்ல மனுஷன், ஆனா ஒரு நல்ல பொருளை இப்படிக் குதறி வெச்சிருக்கக் கூடாது."

"கேலன், எங்கப்பா குதறினது உனக்கு எதுக்கு உறுத்திச்சு? உன் வீட்டுச் சாமானா? நான் மதிப்பு என்னன்னு கேட்டேன். மாத்துன்னு கேட்டேனா?"

"உதவி பண்ணினவன்கிட்ட இப்படியா பேசுவே?"

"உதவியா? நாளைக்கு நான் உன் வீட்டுக்கு வந்து, உன் அம்மா போட்டோவுல மூக்கு கோணலா இருக்குன்னு வேற மூக்கு வரைஞ்சு வெச்சிட்டுப் போறேன். காசு வேண்டாம், சும்மாவே வரைஞ்சு தர்றேன். சரியா?"

கேலன் முகம் தொங்கிப் போயிற்று. பழைய கட்டையை, மற்ற உடைசல்களோடு ஒரு பெட்டியில் போட்டு ஹார்லன் ஸ்பீகலிடம் தள்ளிவிட்டதாக முனகினான். துப்பாக்கிச் சந்தை எங்கே நடந்தாலும் முன் வரிசையில் மேசை போடுகிறவன் ஹார்லன். அடுத்த சனிக்கிழமை மாவட்டப் பொருட்காட்சித் திடலில் சந்தை.

சனிக்கிழமை காலையிலேயே லூரீன் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் போலீஸ்காரர் உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்து, யாரும் சுட முடியாதபடி பிளாஸ்டிக் கயிறு ஒன்றைத் துப்பாக்கியின் பூட்டில் கோத்து இறுக்கிவிட்டார். கொட்டகைக்குள் காப்பி வாசமும் துப்பாக்கி எண்ணெய் வாசமும் கலந்து அடித்தது. பன்னுக்குள் வைத்த கொத்துக்கறியைத் தின்றுகொண்டே ஆண்கள் மேசை மேசையாக ஊர்ந்தார்கள். ஒரு பொம்பளை தனியாகப் பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: புருஷன் போய்விட்டான், விற்க வந்திருக்கிறாள், மலிவாக அடித்துவிடலாம்.

"விக்கவாம்மா? குடுங்க பாப்போம்" என்று ஒருவர் உரிமையோடு வாங்கிக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "இரும்பெல்லாம் ஒரே நம்பரு. அருமை. ஆனா கட்டையில வேற நம்பரு இருக்கே. எவனோ மாத்தியிருக்கான். ச்சே, கெடுத்துட்டானே!"

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் லூரீனுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. அந்தத் துப்பாக்கியில் எந்த உறுப்பைக் கழற்றிப் பார்த்தாலும் ஒரே நம்பர் அடித்திருப்பார்கள், கட்டையிலும் அடித்திருப்பார்கள். எல்லாம் ஒத்து வந்தால் இந்த மனுஷர்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். அறுத்த கட்டையானாலும் பிறவிக் கட்டை பிறவிக் கட்டைதான். கேலன் அவளுடைய அப்பாவின் கை வேலையையும் தூக்கி எறிந்து, மதிப்பையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறான். இரட்டை உதவி! அவளுக்கு அங்கேயே நின்று கத்தலாம் போலிருந்தது.

ஹார்லன் மேசையில் கூட்டம் நின்றது. அவன் எப்போதும் கதை சொல்லிக்கொண்டிருப்பான், ஆட்கள் அதைக் கேட்பதற்கென்றே நிற்பார்கள். நடுவில் தனியாக ஒரு சிவப்புத் துணியில் ஒரு ஜெர்மன் துப்பாக்கி கிடந்தது.

"இதைக் கொண்டு வந்தவரு பாராசூட்ல குதிச்ச லெப்டினன்ட் ஐயா," என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஹார்லன். "முழங்கால் வரைக்கும் பனி. எதிர்ல ஜெர்மன் ஆபீசர். நேருக்கு நேர்! கையிலேருந்து புடுங்கிட்டாரு. அப்புறம் குண்டு வந்து விழுந்துக்கிட்டிருக்கு, அந்தப் பதுங்குகுழியிலேயே உட்கார்ந்து கட்டையை அறுத்தாரு. எப்படி அவசர அவசரமா அறுத்திருக்காரு பாருங்க, கோணலா!"

லூரீன் எட்டிப் பார்த்தாள். வளையத்தை அவன் மேலே தள்ளி வைத்திருந்தான். அந்தக் கோணல், அந்தப் பிசிறு. அப்பாவின் கட்டையை வேறொரு துப்பாக்கியின் இரும்பில் மாட்டி வைத்திருந்தான்.

"குண்டு விழறப்போ எவனாவது உட்கார்ந்து மரம் அறுப்பானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கூட்டம் சிரித்தது. ஹார்லனும் சிரித்தான். "அம்மா, போர்ல என்னென்னமோ நடக்கும்."

"அந்த லெப்டினன்ட் பேரு என்ன?"

"குடும்பத்துல பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"குடும்பமே கேட்டுக்கிச்சா? நான்தான்யா அந்தக் குடும்பம். நான் எப்போ கேட்டேன்?"

சிரிப்பு நின்றது. "அம்மா, இது வேற துப்பாக்கி. நீங்க குழம்பிட்டீங்க" என்றான் ஹார்லன்.

"குழம்பு வைக்கிறது என் தொழில். குழம்பறதில்ல. அந்த முன்துண்டைக் கழட்டு. உள்ளே ஆப்புக்கு மரக்கரண்டிக் காம்பு இருக்கும். ஒரு பக்கம் அடிப்பிடிச்ச மாதிரி கருகியிருக்கும். இல்லேன்னா நான் இந்தச் சந்தை நடுவுல மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

அவன் தொடவில்லை. கூட்டத்தில் ஆர்லோ என்று ஒரு கிழவர் நின்றார். எந்தச் சந்தையிலும் விலைத் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், பூதக்கண்ணாடியைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பார். அவர் கேட்காமலே கை நீட்டி முன்துண்டை ஆட்டி இழுத்தார். பசை காய்ந்து போயிருந்தது, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காம்பும் வந்தது. கருகிய பக்கமும் தெரிந்தது. ஆர்லோ கட்டையைக் கவிழ்த்து நம்பரை வாசித்தார். லூரீன் போர்வையை விலக்கினாள். அவளுடைய இரும்பின் நம்பரை அவரே வாசித்தார். இரண்டும் ஒன்று.

கறி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். பிரிந்து போன நம்பர் மறுபடி கண் முன்னால் சேருவது அவர்கள் யாரும் காணாத அதிசயம்.

முதலில் சுதாரித்துக்கொண்டவன் ஹார்லன்தான். வியாபாரி இல்லையா? "அம்மா, நல்லதாப் போச்சு! அந்த இரும்பை எனக்குக் குடுத்துடுங்க. இன்னிக்கு இந்தச் சந்தையில எவனும் குடுக்காத விலை நான் குடுக்கறேன். ஆர்லோ, நீயே சொல்லு என்ன போகும்னு."

ஆர்லோ தாடையைச் சொறிந்தார். "எல்லாம் ஒரே நம்பரு. கொண்டு வந்தவரோட சொந்த அறுப்பு. நல்ல விலை போகும். கொண்டு வந்தவர் யாருங்கிறதைப் பொறுத்து இன்னும் ஏறும். பாராசூட் ஆளுன்னா டபுள். அப்பா எந்தப் படைம்மா?"

"சமையல்காரர்."

யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்தான். அதைத் தொற்றிக்கொண்டு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆர்லோ சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது அதைவிட மோசம். "அதைச் சொல்லாதீங்கம்மா. சும்மா காலாட்படைன்னு சொல்லுங்க. சமையல்காரர்னா வாங்கறவன் யோசிப்பான்."

அவ்வளவுதான். லூரீனின் குரல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கொட்டகையில் ஒவ்வொருவருக்கும் கேட்டது.

"வாங்கறவன் எதுக்கு யோசிக்கணும்? பேரே இல்லாத லெப்டினன்டைச் சொன்னப்போ எவனாவது யோசிச்சீங்களா? வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டீங்களே! ஒரு ஆளைக் கொன்னு புடுங்கினதுன்னா ரெட்டை விலை. பசிச்சு வந்தவனுக்கு ரெண்டு கரண்டி ஊத்தினதால வந்ததுன்னா பாதி விலை. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! எங்கப்பா ஒரு பொய் சொல்லியிருந்தா ஊரே எழுந்து நின்னு கை குடுத்திருக்கும். நெசத்தைச் சொன்னாரு. முப்பது வருஷம் அவர் பொரிச்ச மீனைத் தின்னுக்கிட்டே அவரைக் கிண்டல் பண்ணினாங்க. இப்போ செத்தப்புறமும் அவரை வேற ஆளா மாத்தினாதான் விலைன்னா, எனக்கு உங்க விலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

சிரித்தவன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

"என் கட்டையைக் கழட்டிக் குடு" என்றாள் ஹார்லனிடம். "உன் இரும்புக்கு இந்தப் பளபளா கட்டையை எடுத்துக்கோ. கேலன் ரிடில் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சிருக்கான், சரிக்குச் சரி."

ஹார்லன் சண்டைக்கு வருவான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் மேசைக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்து, குனிந்து, அடிப்பக்கத்து இரண்டு திருகாணிகளையும் கழற்ற ஆரம்பித்தான். கூட்டம் மெல்லக் கலைந்தது. அவன் காது வரைக்கும் சிவந்திருந்தான்.

"எங்கப்பா போர் முடியற வரைக்கும் கான்சஸ்ல ஒரு முகாம்ல உருளைக்கிழங்கு உரிச்சாரு" என்றான் நிமிராமல். "கப்பலே ஏறல. ஊருக்கு வந்து பாராசூட்ல குதிச்சேன்னாரு. பனின்னாரு, ஆபீசர்னாரு. சாகற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. செத்த மறுநாள் அவர் பெட்டியில பட்டாளத்துக் காகிதங்களைப் பார்த்தப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அடக்கத்தன்னிக்கு பாதிரியார் எங்கிட்ட, அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுப்பான்னாரு. நானும் அந்தப் பனியையும் ஆபீசரையும்தான் சொன்னேன்."

லூரீனுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. ஆனால் அது இப்போது ஹார்லன்மேல் மட்டும் இல்லை. பட்டாளத்தார் மன்றத்து பீர்க் கோப்பைகள் மேல், சிரித்தவன்மேல், விலை சொன்ன ஆர்லோமேல், இவர்கள் முகத்துக்குப் பயந்து ஆயுசு முழுக்க வேறொருவராக வாழ்ந்து செத்த, அவள் பார்த்தே இராத ஹார்லனின் அப்பாமேல்.

"உரிச்சாருன்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு?" என்றாள். "அந்தக் கிழங்கைத் தின்னவன் எவனாவது கேவலம்னு துப்பினானா? அந்தப் பாவி மனுஷனைச் சந்தை சந்தையா கூட்டிட்டுப் போய் இன்னும் பாராசூட்லேருந்து தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கியே, உன்னை என்ன சொல்ல?"

ஹார்லன் கட்டையின் இரண்டு துண்டுகளையும் அவள் பக்கம் நகர்த்தினான். கரண்டிக் காம்பைத் துடைத்து அதன் மேலே வைத்தான். அவள் எல்லாவற்றையும் போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் தன்னுடைய இரும்பைக் கேலன் மெருகேற்றிய கட்டையில் பொருத்தி, மறுபடியும் சிவப்புத் துணியின் மேல் கிடத்தினான். பார்வைக்கு முன்பைவிட அழகாகவே இருந்தது.

தொப்பி போட்ட ஒருவர் வந்து அதை எடுத்தார். நடந்தது எதுவும் தெரியாதவர், அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் வைத்துப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நல்லா இருக்கே! யாரு கொண்டு வந்தது இது? ஏதாவது கதை உண்டா?"

ஹார்லன் வாயைத் திறந்தான். லூரீன் போர்வை முடிச்சைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலைங்க" என்றான் ஹார்லன். "யாரு கொண்டு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

வந்தவர் துப்பாக்கியை அப்படியே திரும்ப வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.